மருமகனுக்குப் பொரித்த சொசேஜ்

டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டுக் கறியில் உப்பே இல்லை. கருவாடு இல்லை, ஊறுகாய் இல்லை, மாசிச் சம்பல் இல்லை. உப்புப் போத்தலையே உம்மா குசினி அலுமாரியின் மேல்தட்டில் தூக்கி வைத்துவிட்டார். அவ்வளவு கண்டிப்பு. அந்தக் கண்டிப்போடுதான் என் மாப்பிள்ளைக்கு நாள் தவறாமல் ஒரு பீங்கான் சொசேஜ் பொரித்துக் கொடுத்தோம். எழுதும்போதே வயிறு எரிகிறது.

மாப்பிள்ளை என்றால் எங்கள் கல்முனைப் பக்கத்தில் கணவன். இங்கே கல்யாணம் முடிந்தால் பெண் புகுந்த வீடு போவதில்லை. ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். வீடு பெண்ணின் பெயரில். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால், கொடுத்துவைத்தவர்கள் என்று வாயைப் பிளப்பார்கள். நல்லதுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அப்படி வருகிற மனிதன் கடைசிவரை விருந்தாளி. அவனுக்குத் தலைவாசல் தெரியும், கட்டில் தெரியும், சாப்பாட்டு மேசை தெரியும். குசினிக்குள் போய் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடிக்க அவனுக்கு உரிமை இல்லை. போனால், "மருமகனுக்கு இந்த ஊட்டில என்ன குறை வெச்சம்?" என்று மாமியார் அழத் தொடங்கிவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. மாமி மருமகனோடு நேருக்கு நேர் கதைக்கக்கூடாது. இப்போது பல வீடுகளில் இது இல்லை. மாமியும் மருமகனும் ஒரே சோபாவில் இருந்து நாடகம் பார்க்கிறார்கள். எங்கள் உம்மா மட்டும் விடவில்லை. வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். குசினிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் ஒரு பூப்போட்ட திரைச்சீலை தொங்கும். அதற்கு அந்தப் பக்கம் நின்று உம்மா கேட்பார்.

"மகள், மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமா எண்டு கேளு."

இந்தப் பக்கம் இருக்கிற மனிதருக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் கேட்க வேண்டும்.

"உம்மா கேக்காங்க, சோறு வேணுமா?"

"போதும் எண்டு சொல்லுங்க."

"போதுமாம் உம்மா."

இப்படித்தான் என் கல்யாண வாழ்க்கை ஓடியது. நான் ஒரு பள்ளிக்கூட ரீச்சர். வகுப்பில் தொண்டை வற்றக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், இரண்டு பெரிய மனிதர்களுக்கு நடுவில் நின்று அவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டும். சில நாள் எரிச்சலில், "நீங்களே கேளுங்களன் உம்மா, வாயில முத்தா உதிரும்?" என்று கத்தியிருக்கிறேன். திரைக்குப் பின்னால் சத்தமே வராது. என் மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைவார். இரண்டு பேருக்கும் ஒரே குணம். நான்தான் இந்த வீட்டில் தப்பிப் பிறந்தவள்.

மாப்பிள்ளைக்கு ஊர் இறக்காமம். வயல் குடும்பம். குளத்து மீனும் கீரையும் சிவப்பரிசிச் சோறும் தின்று வளர்ந்த உடம்பு. அரசாங்க உத்தியோகம் கிடைத்து, எங்கள் பக்கம் பெண் எடுத்து வந்தார். உம்மாவுக்கு அதில் பெருமையும் இருந்தது, கொஞ்சம் இளக்காரமும் இருந்தது. வயல் பக்கத்துப் பிள்ளைக்கு டவுன் சாமான் காட்ட வேண்டுமாம். கல்யாணம் முடித்த கையோடு, பிரதான வீதியில் புதிதாய்த் திறந்திருந்த சூப்பர் மார்க்கட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். குளிர்ப்பெட்டிக்குள் இருந்த சொசேஜ் பக்கட்டைக் கண்ணாடி போட்டுப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஹலால் முத்திரை இருந்தது. அவ்வளவுதான், பக்கட் கூடைக்குள் விழுந்தது.

முத்திரை இருந்தால் போதுமா என்றால் அதுவும் இல்லை. ஒருமுறை நான் வட்டம் வட்டமாக வெட்டிய சிக்கன் ஹாம் ஒரு பக்கட் வாங்கி வந்தேன், பாணுக்கு நடுவில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று.

"இது என்ன சாமான்?"

"ஹாம் உம்மா."

"என்ன, ஹறாமா?"

"ஹாம், உம்மா. கோழிதான். முத்திரையும் போட்டிரிக்கி, பாருங்க."

"பேரே சரியில்ல. ஊட்டுக்குள்ள எடுக்காத."

அதைப் பக்கத்து வீட்டுப் பூனைகள் தின்றன. ஒரு பெயருக்கு அவ்வளவு விசாரணை. உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று அந்தக் காலத்தில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

சொசேஜை உம்மா முதல் நாள் பொரித்த பொரியல் எனக்கு நினைவிருக்கிறது. சரிவாக வெட்டி, வெங்காயமும் கறிமிளகாயும் போட்டு, தக்காளி சோஸ் ஊற்றிப் பிரட்டி, பூப்போட்ட பீங்கானில் வைத்து என்னிடம் நீட்டினார். மாப்பிள்ளை ஒரு துண்டை எடுத்து மென்றார்.

"மகள், எப்படி இரிக்காம் எண்டு கேளு."

"நல்லா இரிக்கி எண்டு சொல்லுங்க."

புது மாப்பிள்ளை வேறென்ன சொல்லுவார்? அந்த ஒரு "நல்லா இரிக்கி"யை உம்மா கல்வெட்டு மாதிரி மனதில் எழுதி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வாரத்தில் ஒன்றிரண்டு நாள், பெருநாள், நோன்பு திறக்கிற மேசை என்று சொசேஜ் எங்கள் வீட்டில் குடிவந்துவிட்டது.

சில வருடங்கள் போய் மாப்பிள்ளைக்குப் பிடரி வலி தொடங்கியது. வேலை பார்க்கிற கந்தோரில் ஒருநாள் தலைசுற்றிக் கதிரையோடு சாய்ந்துவிட்டார். பிரஷர் எக்கச்சக்கம். குளிசை எழுதிக் கொடுத்த டொக்டர், "உப்பக் குறைக்கணும். கருவாடு, ஊறுகாய் எல்லாத்தையும் மறந்திருங்க" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். உம்மா அன்றைக்கே குசினியைத் தலைகீழாக்கினார். தொங்கிய கருவாட்டை எல்லாம் அவிழ்த்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார். கறி உப்பில்லாமல் இறங்கியது. நாங்களும் அதையேதான் தின்றோம். அவருக்கு இல்லாத உப்பு எங்களுக்கு எதற்கு என்றார் உம்மா. அன்பு இல்லாத மனுசி என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் மருமகன் முன்னால் சப்பென்ற கறியை வைப்பது உம்மாவுக்குத் தாங்கவில்லை. மகளைக் கொடுத்து, வீட்டைக் கொடுத்து, கடைசியில் உப்பில்லாத கறியையா கொடுப்பது? ஊர் என்ன சொல்லும்? அதனால் அந்தக் குறையைத் தீர்க்க ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பாவம், மருமகன். கறி வாய்க்கு வெளங்குதில்ல. இதயாச்சும் தொட்டுக்கிட்டு நாலு வாய் கூடத் திங்கட்டும்."

வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வந்த சொசேஜ், அன்றிலிருந்து தினமும் வந்தது. காலையில் இடியப்பத்தோடு, இரவில் புட்டோடு.

ஒருநாள் எனக்கே ஒரு சந்தேகம் வந்து கேட்டேன்.

"இதில உப்பு இல்லியா உம்மா?"

உம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். "உப்பா? அல்லாஹ் அறிய நான் ஒரு கல்லுக்கூடப் போடல்லயே!"

அதுதான் கதை. எங்கள் பேச்சில் உப்பு என்பது கையால் அள்ளிப் போடுகிற சாமான். உப்புப் போட்டாச்சா என்று கேட்போம், உப்புப் பார் என்று அகப்பையை நீட்டுவோம். நாம் போடாத உப்பு ஒன்று, எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் எவனோ போட்ட உப்பு, பக்கட்டுக்குள் இருந்து நேரே வீட்டுக்குள் வரும் என்று உம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நானும் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன். உப்பு கரிக்கவில்லை, லேசாக இனித்தது. பக்கட்டின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்தது மாதிரி எழுத்து. அதில் சோடியம் என்று இருந்ததை உம்மாவுக்கு வாசித்தும் காட்டினேன்.

"அது அப்பச்சோடாவாக்கும். மெதுவா இரிக்கிறதுக்குப் போடுவாங்க" என்றார் உம்மா.

எனக்கும் அது சரி என்றே பட்டது. நான் கற்பிக்கிற பாடம் தமிழ். சோடியம் எங்கள் புத்தகத்தில் வருவதில்லை. வருகிறவர்களுக்கும் அது பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடுகிறது. உப்பைக் குறை என்று சொன்ன டொக்டர், பக்கட்டில் அதன் பெயர் வேறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

மாப்பிள்ளைக்குக் குளிசை கூடியது, பிரஷர் குறையவில்லை. பிறகு கால் வீங்கியது. காலையில் செருப்புப் போட முடியாமல் கட்டிலில் இருந்து காலையே பார்த்துக்கொண்டிருப்பார். பரிசோதனை செய்து பார்த்தபோது சிறுநீரகம் இரண்டும் பழுதாகத் தொடங்கியிருந்தன. கிளினிக்குக்குப் போனோம். அங்கே சாப்பாட்டைப் பற்றிக் கதைக்க என்று ஒரு மிஸ் இருந்தார். காலையில் என்ன, பகலில் என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் பெருமையாகத்தான் சொன்னேன், எங்கள் வீட்டில் உப்பே இல்லை என்று. சொசேஜையும் சேர்த்துச் சொன்னேன். அந்த மிஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம் மிஸ். காலையிலயும் ராவிலயும்."

"கறியில ஒரு சிட்டிகை உப்புப் போட்டுட்டு இத நிப்பாட்டியிருக்கலாமே. இறைச்சி பழுதாகாம இரிக்க உப்பு, பிடிச்சி நிக்க உப்பு, ருசிக்கும் உப்பு. பக்கட்டில சோடியம் எண்டு போட்டிருப்பாங்க, அதுதான் இது. அந்தப் பீங்கானோட அவருக்கு அண்டைக்கு உரிய உப்பு முடிஞ்சிரும்."

பிறகு அவர் பக்கம் திரும்பி, "அவ்வளவு விருப்பமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

என் மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இல்ல மிஸ். எனக்கு அந்த மணமே ஒத்துவாறதில்ல."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. ஓட்டோவில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். ஓட்டோக்காரன் கண்ணாடியில் பார்க்கிறான், பார்த்துவிட்டுப் போகட்டும்.

"உங்களுக்கு வாய் இல்லியா? இத்தின வருசம் வேணாம் எண்டு ஒரு சொல்லு சொல்ல ஏலாதா?"

"மாமிட மனம் நோகும்."

"கிட்னி போனா நோகாதா?"

"வேணாம் எண்டா என்ன நெனப்பாங்க? கறி சப்பெண்டு இரிக்கிற கோவம் எண்டு நெனப்பாங்க. நான் அந்த ஊட்டில ஒரு கோப்பையத் தள்ளி வெச்சா அது பெரிய கதை, புள்ள. உங்களுக்கு வெளங்காது. நீங்க பொறந்த ஊடு அது." பிறகு தானாகவே சொன்னார். "நான் எல்லாத்தையும் திங்கிறதும் இல்ல. பாதியத் தின்பன், பாதிய அப்படியே ஒதுக்கி வெச்சிருவன்."

அந்தப் பாதி தனக்குப் பெரிய பாதுகாப்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவருடைய மரியாதையில் நெருப்பு வைக்க வேண்டும் போல் இருந்தது.

உம்மாவுக்கு யார் சொல்வது? நான்தான். எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றுக்கும் சர்க்கரை தடவவில்லை. அவருக்கு விருப்பமில்லை என்பதையும் சொன்னேன். உம்மா சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நல்லா இரிக்கி எண்டு சொன்னாரே மகள்."

"அது முதல் நாள் உம்மா!"

"நீதானே வந்து சொன்னாய், நல்லா இரிக்காம் எண்டு."

உம்மா பிரிட்ஜைத் திறந்தார். மேல் பெட்டியில் இருந்த பக்கட்டுகளை எல்லாம் எடுத்து, வளவுக்குப் பின்னால் மடுத் தோண்டிப் புதைத்தார். நாய் பூனை தின்றாலும் பாவம் என்றார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள்ளே இருந்துவிட்டார். ஏசுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஏசாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டு சொல் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

பக்கட் நின்றது, பழுது நிற்கவில்லை. கெட்டுப்போன சிறுநீரகம் திரும்பி வராதாம். அது எல்லாம் சொசேஜால்தான் வந்தது என்று டொக்டர்கள் சொல்லவில்லை. பிரஷர் ஏற்கனவே இருந்தது, அதற்கு நாங்கள் விறகு வைத்தோம், அவ்வளவுதான். இப்போது அவருக்கு மெஷினில் இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். போய் வந்த நாள் அவருக்குக் கதைக்கக்கூட உயிர் இருக்காது. கிட்னி மாற்றினால் நல்லது என்றார்கள். என்னுடையதை எடுக்கச் சொல்லித்தான் முதலில் கேட்டேன். இரத்த வகை ஒத்துவரவில்லை. இறக்காமத்தில் அவருக்கு இரண்டு நானாமார், அண்ணன்கள். மூத்தவருக்குச் சீனி வருத்தம். இளையவர் திடகாத்திரமான ஆள், ஒரு மூடை நெல்லைத் தனியாகத் தூக்குவார். அவர் வந்து, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பொஞ்சாதி ஊட்டார் உடுறாங்க இல்ல." அவரும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளைதானே. உடம்புகூட அந்த வீட்டாருடையது.

அன்று பின்னேரம் என் மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் இருந்தார். நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். திரைச்சீலை விலகியது. உம்மா இந்தப் பக்கம் வந்து நின்றார். தலையை இழுத்து மூடியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தார்.

"மருமகன், நான் தாறன்."

அவர் எச்சில் கையோடு எழும்பி நின்றுவிட்டார்.

"என்டத எடுங்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நான் குளிசை திண்ட ஆளும் இல்ல. வேணாம் எண்டு மட்டும் சொல்லிராதீங்க."

கல்யாணம் முடித்த நாளிலிருந்து உம்மா அவரோடு கதைத்த முதல் கதை அது. அவர் என் முகத்தைப் பார்த்தார், வழக்கம் போல நான் சொல்லுவேன் என்று. நான் வாயைத் திறக்கவில்லை. நீங்களே சொல்லுங்கள் என்று நின்றேன். கடைசியில், "சரி மாமி" என்றார். மாமி சொல்லி அவர் எதைத்தான் மறுத்திருக்கிறார்?

இரத்த வகை ஒத்துவந்தது. உம்மாவின் முகத்தில் அந்த வாரம் முழுக்க ஒரு வெளிச்சம். ஐந்து நேரத் தொழுகைக்குப் பிறகும் கையேந்தியபடி நீண்ட நேரம் இருந்தார். பெருநாளில்கூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மற்றப் பரிசோதனைகளின் முடிவு கேட்க மூன்று பேருமாகப் போனோம். அவரை வெளியே வாங்கில் இருத்திவிட்டு, உம்மாவும் நானும் உள்ளே போனோம்.

டொக்டர் கடுதாசிகளைப் புரட்டினார். உம்மாவின் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றி மறுபடியும் பார்த்தார்.

"எடுக்க ஏலா. உங்களுக்கே பிரஷர் கூட. கனகாலமா இரிந்திரிக்கி, நீங்க பாக்கல்ல. உங்கட கிட்னியும் பழுதாகத் தொடங்கிட்டு."

"எனக்கா?" என்றார் உம்மா. "நாங்க ஊட்டில உப்பே பாவிக்கிறதில்லயே டொக்டர்."

"கருவாடு? பக்கட் இறைச்சி, சொசேஜ், அப்படி ஏதும்?"

"எங்கட ஊட்டில மருமகனுக்கு மட்டும்தான் அது" என்று நான் குறுக்கே சொன்னேன். பட்டியைக் கழற்றிய கையைத் தடவிக்கொண்டே உம்மா தலையைக் குனிந்தார்.

"நான் எனக்கெண்டு வெச்சித் திங்கல்ல, டொக்டர். அவர் பாதிய மிச்சம் வெப்பார். வீசினா குற்றமில்லியா? அதத்தான் நான் சோத்தோட..." முடிக்கவில்லை.

ஒவ்வொரு நாளும். காலையிலும் இரவிலும். குசினி மூலையில் இருந்து, யாரும் பார்க்காமல். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என் மாப்பிள்ளை ஒதுக்கி வைத்தது அவ்வளவும் என் உம்மாவின் உடம்புக்குள் போயிருக்கிறது. எனக்கு அந்த அறையில் கத்த வேண்டும் போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

டொக்டர் உம்மாவுக்கும் குளிசை எழுதினார். எழும்பி வெளியே வரும் வழியில் உம்மா என் கையை இறுக்கிப் பிடித்து நிறுத்தினார்.

"மிச்சம் திண்ட கதைய அவருக்குச் சொல்லிராத மகள். வெக்கமா இரிக்கி. வயசு கூடிட்டாம், அதால எடுக்க ஏலாதாம் எண்டு சொல்லு."

அவர் வாங்கில் இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா தூரத்தில் தூணோடு ஒதுங்கி, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். நான் போய்ச் சொன்னேன்.

"உம்மாக்கு வயசு கூடிட்டாம். எடுக்க ஏலாதாம்."

அவர் பெருமூச்சு விட்டார். எனக்குத் தெரியும், அது நிம்மதி.

"அல்ஹம்துலில்லாஹ். அவங்கட உடம்ப வெட்ட எனக்கு மனம் வரல்ல. மாமிக்கு வேற ஒண்டும் இல்லத்தானே?"

"ஒண்டும் இல்ல" என்றேன்.